பக்கவிளைவு: பேசமாட்டார்

1

முதலில் மன்னிப்பு. கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லையென்றே பணிவுடன் சொல்லியிருப்பேன். இதுவரை நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்களும் இரண்டு இரங்கல் கடிதங்களும் மட்டுமே. அவற்றைப் படித்தவர்கள் குறை சொல்லவில்லை என்பதையே துணையாகக் கொண்டு தொடங்குகிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

இக்கதை பிறந்த இடத்தை மறைக்க விரும்பவில்லை. நான் வாழும் அயல்நாட்டு நகரத்தின் பொது நூலகத்தில், அச்சுப்பொறியின் தட்டில், யாரோ எடுக்க மறந்த தாள் ஒன்று கிடந்தது. தமிழில் இருந்தது. எடுத்திருக்கக் கூடாது, எடுத்துவிட்டேன். ஒரு மனிதரைப் பற்றி, மருந்தைப் பற்றி எழுதுவதுபோல் அதில் எழுதியிருந்தது:

"பயன்: நிலத்தைக் கண்ணால் பார்த்தே சரிவு சொல்வார். வெயிலிலும் மழையிலும் ஒரே மாதிரி வேலை செய்வார். பக்கவிளைவு: மனம் புண்பட்டால் பேசமாட்டார். இதுவரை அதிகபட்சம் பதினொரு நாள். வற்புறுத்தினால் நீடிக்கும். தானாகவே சரியாகிவிடும்."

இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று அன்று யோசிக்கத் தொடங்கினேன், இன்னும் நிறுத்தவில்லை. தாளில் உள்ளது இவ்வளவே. இனி வருவன எல்லாம் என் ஊகம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஏழு கடல் தாண்டி வந்த அந்தத் தம்பதியரின் விழிகளில் ஆயிரம் கனவுகள்" (நிறுத்திவிட்டேன். விமானத்தில் வந்தவர்கள் கடலைத் தாண்டும்போது தூங்கியிருப்பார்கள்.)

இரண்டாம் முயற்சி: "மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலருகே" (இதுவும் வேண்டாம். அவர்கள் அறையில் ஜன்னலருகே துணி உலர்த்தும் கம்பிச் சட்டம் நிற்கிறது. அவள் நிற்க இடமில்லை.)

மூன்றாம் முயற்சி: "அவர் நில அளவையர். அவள் மருந்தாளுநர். இந்த நகரத்தில் இருவருக்கும் அந்த வேலை இல்லை."

இது உண்மைபோல் தோன்றுகிறது. வைத்துக்கொள்கிறேன்.

குடியிருப்பு, சலவைக்கடை ஒன்றின் மாடியில். கீழே இயந்திரங்கள் சுழலும்போது மேலே டம்ளர்கள் முணுமுணுக்கும். குடிவந்த அன்றே அவர் தரையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தார். அது யோசித்து, மெல்ல உருண்டு, கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தது.

"வடக்கால ஒரு விரக்கடை சரியுது," என்றார், ஏதோ சொத்து கிடைத்தவர்போல.

"சரியட்டும். குனிஞ்சு அந்தப் பழத்த எடுங்க. இருக்கறதே ஒண்ணு."

ஏழு மாதமாயிற்று. அவர் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். மட்டம் பார்க்கும் கருவியைத் தொட்டு ஏழு மாதம். அவளுடைய சான்றிதழ் ஏதோ ஓர் அலுவலகத்தில், யாரோ ஒருவருடைய மேசையில், சரிபார்க்கப்படக் காத்திருக்கிறது. இருவரும் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு எவரும் இல்லையென்றுகூடச் சொல்லவில்லை.

3

விண்ணப்பப் படிவங்களில் ஒரு கட்டம் உண்டு: "உங்கள் சிறப்புகளை விரித்து எழுதுக." அந்தக் கட்டத்தில் இருவரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். தன்னைத் தானே புகழ்வது அநாகரிகம் என்று படித்து வளர்ந்தவர்கள். (நானும்தான். மேலே முதல் பத்தியைப் பார்க்கலாம்.) அவர் அரைமணி நேரம் யோசித்து, "என்னால் இயன்றதைச் செய்வேன்" என்று எழுதினார்.

அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இதப் படிச்சா வேலை குடுக்க மாட்டாங்க. பாவம்னு சத்து மாத்திரைதான் குடுப்பாங்க."

"பின்ன? நானே வல்லவன், நானே நல்லவன்னு எழுதவா? கூச்சமா இருக்கும்மா."

"சரி. உங்களுத நான் எழுதறேன். என்னுத நீங்க எழுதுங்க."

"ஆனா நான் படிக்க மாட்டேன். படிச்சா கூச்சத்துல பாதிய அழிச்சிடுவேன். கையெழுத்து மட்டும் போடுறேன்."

"புளுகக் கூடாது, ஆமா."

"புளுகற அளவுக்கு உன்கிட்ட என்ன குறை இருக்கு?"

அன்றுமுதல் அதுவே வழக்கமாயிற்று. ஒருவரைப் பற்றி மற்றவர் தமிழில் எழுதி, பின் அந்நகர மொழியில் மாற்றி, மடித்து நீட்டுவார். மற்றவர் படிக்காமல் கையெழுத்திடுவார். அவர் அவளைப் பற்றி அளவையர் பாணியில், "பன்னிரண்டு ஆண்டில் பிழை: பூஜ்யம்" என்று எழுதினார். "உங்கள் குறை என்ன?" என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

அவளால் கோடு இழுக்க முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டு மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றவள். பக்கவிளைவைச் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுத்தறியாதவள். ஒரு முழு மனிதரை எப்படிக் கொடுப்பாள்?

(இங்கே இப்பாத்திரத்தின்மேல் எனக்கு ஓர் ஐயம். அது தொழில் நேர்மை மட்டும்தானா? அந்தப் பதினொரு நாளை வேறு யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற ஆற்றாமை அதில் ஒரு சிட்டிகை இருந்ததா? அவளையே கேட்டேன். பதில் எழுத வரவில்லை.)

4

நாற்பத்தெட்டாவது விண்ணப்பத்துக்கு அழைப்பு வந்தது. அவருக்கு. தரைக்கடியில் குழாய் பதிக்கும் ஒரு நிறுவனம். ஒரு திங்கட்கிழமை, சேறு அப்பிய காலணிகள் வாசலில் வரிசை கட்டிய தகரக் கொட்டகையில், மேற்பார்வைப் பொறியாளர் அவர் எதிரே அமர்ந்திருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. (அவர் பேசியது தமிழில்லை. எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்.)

பயன்களைப் படித்துத் தலையசைத்த பொறியாளர், அடுத்த கட்டத்தை வாய்விட்டுப் படித்தார். மனம் புண்பட்டால். பேசமாட்டார். பதினொரு நாள்.

அவர் அதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. ஒரு நிமிடம் ஓடிற்று.

"இதுதானா அது?" என்றார் பொறியாளர்.

அவர் ஆமென்று தலையாட்டினார்.

பொறியாளருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "இங்க பாருங்க. பள்ளம் தோண்டற வண்டிக்காரருக்குக் கண்ணு நீங்கதான். வயர்லெஸ்ல நீங்க வாயத் திறக்கலைன்னா அவர் நேரா எரிவாயுக் குழாயிலதான் கை வெப்பார். உங்க வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. மனசு சரியில்லாதப்பவும் பேசுவீங்களான்னு தெரியணும். வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள போன் பண்ணி, உங்க குரல்ல, வரேன்னு சொல்லுங்க. மெசேஜ் அனுப்பினா செல்லாது."

வீட்டுக்கு வந்தவர் படிவத்தை மேசைமேல் வைத்தார். அந்த வரியைச் சுற்றிப் பொறியாளர் இட்ட சிவப்பு வட்டம். கீழே நாளும் மணியும் நிபந்தனையும். அவள் படித்து முடித்துத் தலைநிமிர்ந்தபோது, அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

5

செவ்வாய். "ஏங்க. மன்னிச்சிடுங்க. ஆனா பொய் எழுதலீங்க," என்றாள். இரண்டாம் வாக்கியத்தை விட்டிருக்கலாம் என்று உடனே தோன்றிற்று. அதற்குமேல் பேசவில்லை. வற்புறுத்தினால் நீடிக்கும்: எழுதியவள் அவளே.

புதன் காலை மற்றொன்று நடந்தது. தொலைபேசி வந்தது. நான்கு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடை. மருந்தாளுநராக அல்ல, அலமாரி அடுக்கவும், காலாவதித் தேதி பார்க்கவும். திங்கள் முதல் வரலாம் என்றார்கள். நன்றியை மூன்று முறை சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவர் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் தலையாட்டுவார். புது நகரத்தில் கிடைத்த முதல் வேலைக்கு ஒரு தலையாட்டல் போதாது என்று நினைத்தாள். வைத்துக்கொண்டாள்.

மாலையில் தங்கை அழைத்தாள், ஊரிலிருந்து.

"என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு? மாமா ஆஃப் ஆயிட்டாரா?"

"சும்மா இருடி."

"எத்தனாவது நாளு? பழைய ரெக்கார்டை உடைச்சிருவாரா? சொல்லு, ஸ்வீட் வாங்கி வெக்கிறேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள பேசியாகணும்டி. இல்லேன்னா வேலை போயிடும்."

தங்கை சிரிப்பதை நிறுத்தினாள். "நீ போய் நாலு வார்த்த கெஞ்சிப் பாரேன்."

"கெஞ்சினா ஒரு நாள் கூடும்."

"அப்படி என்னதான் பண்ணே?"

"உண்மைய எழுதினேன்." பிறகு, "வேற விசேஷம் ஒண்ணுமில்ல," என்று அழைப்பை முடித்தாள். மருந்துக்கடைச் செய்தியை அவளிடமும் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டியவர் வேறொருவர்.

(ஆக, இதை முதலில் கேட்டவர் நீங்கள்தான். அது என் குற்றம்.)

வியாழன். இந்நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அதில் எவரும் பேசவில்லை.

6

வெள்ளி, பதினொன்றே முக்கால். இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்றில், அவர் அவளெதிரிலேயே போனை எடுத்து, "வரேன்" என்கிறார். அவள் அழுகிறாள். எழுதும்போது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் படித்தபோது, அந்த மனிதரை எனக்குத் தெரியவில்லை.

மற்றொன்றில், பன்னிரண்டு மணி கடந்துவிடுகிறது. இது நடக்கக்கூடியதே. ஆனால் இவ்வளவு தூரம் அவர்களைக் கூட்டிவந்துவிட்டு அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே எனக்குக் கண்முன் தெரிவதை மட்டும் சொல்கிறேன். அவர் அன்று கிடங்குக்குப் போகவில்லை. எழுந்தார். போனை எடுத்தார். அந்த வீட்டில் வேறு அறை இல்லை. குளியலறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அவள் அடுப்பை அணைத்தாள். கீழே சலவை இயந்திரம் ஒன்று வேகம் பிடித்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, கதவுக்கு அப்பால், நான்கு நாட்களுக்குப் பின் அவருடைய குரல் கேட்டது. தாழ்ந்த குரல். என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. வருகிறேன் என்றாரா, வரவில்லை என்றாரா, பேசியது பொறியாளரிடம்தானா என்பதும் தெரியவில்லை. அவள் கதவருகே போகவில்லை.

அவள் போகாத இடத்துக்கு நான் போவது முறையல்ல. நீங்கள் வேண்டுமானால் கதவைத் தட்டலாம். திறந்தபின் நடப்பது எதுவாயினும், பின்வருவன திரும்பக் கிடைக்கமாட்டா:

நான்கு நாள் பேச்சு.

படிக்காமல் கையெழுத்திடுவது.

மருந்துக்கடைச் செய்தியை அவர் முதல் ஆளாகக் கேட்பது.

அவர் மீண்டும் பேசிய முதல் சொல். அது அவளிடம் சொல்லப்படவில்லை.