பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம்

ஊர் உயர்ந்துகொண்டிருக்கிறது என்று முதலில் சொன்னவள் சின்னவள்தான். வாயால் சொல்லவில்லை. வாயால் எதையும் சட்டென்று சொல்லிப் பழக்கமில்லாதவள். வரைபடத்தில் நீலமாகப் பூசிச் சொன்னாள்.

நில அளவைத் துறையின் மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவளுக்கு வேலை. வானத்திலிருந்து வருவதைப் பார்க்கிற வேலைக்கு வானமே தெரியாத அறையாகப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். ரேடார் செயற்கைக்கோள் ஒன்று அவ்வப்போது ஊருக்கு மேலே போகும். போகிற போக்கில் ஓர் அலையை வீசும். அது தரையில் மோதித் திரும்பும். போன தடவை திரும்பிய அலையையும் இந்தத் தடவை திரும்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தரை ஒரு நகக்கனம் இறங்கியிருந்தாலும் ஏறியிருந்தாலும் பிடித்துவிடலாம். மேகம் மறைத்தாலும் இருட்டினாலும் அதற்குக் கவலையில்லை.

இத்தனை கெட்டிக்காரக் கருவிக்கு ஒரே ஒரு குறை. எது எதைவிட இறங்கியது என்று சொல்லுமே தவிர, எது நின்ற இடத்தில் நிற்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். படத்தில் ஓர் இடத்தைத் தொட்டு, இது அசையவில்லை, இதன் அசைவு பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டால், ஊரில் மீதி எல்லாவற்றையும் அதிலிருந்து அளந்து கொடுத்துவிடும். அறிக்கையில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஆபீஸ் பேச்சில் அதற்குப் பெயர் ஆணி.

ஆணி அடிக்க நல்ல இடம் ஊருக்கு வெளியே இருந்த கல்மலை. ஆனால் அது படத்தின் ஓரத்தில், புதர் மண்டி, மங்கலாகக் கிடந்தது. செடிகொடி ரேடாருக்கு ஆகாது. காற்றுக்கு ஆடுகிறவர்களை அது நம்புவதில்லை. படத்தின் நடுவிலோ ஒரு புள்ளி மூக்குத்திக் கல்லைப்போல மின்னியது. சின்னவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அக்கா குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடம். மொட்டைமாடியில் இரும்புத் தண்ணீர்த் தொட்டிகள், சுற்றிலும் கைப்பிடிச் சுவர். அலை மோதினால் மோதிய வேகத்தில் அப்படியே திரும்பும்.

ஆணியை அங்கேயே அடித்தாள். மின்னியது பாதிக் காரணம். உலகத்தில் அசையாத பொருள் ஒன்றைக் காட்டு என்றால் அவளுக்கு அக்காவைத் தவிர வேறெதுவும் தோன்றாது என்பது மீதிக் காரணம்.

அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். வீட்டுக் கடிகாரத்துக்கும் அக்காவுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் கடிகாரத்தைத்தான் திருகுவார்கள். சின்னவள் எதைப் படிப்பது, எந்த நிறம் உடுத்துவது, பெண் பார்க்க வந்தவர்களில் எவன் முழி சரியில்லை என்பதெல்லாம் அக்கா முடிவு செய்தவை. மூன்றாவதில் மட்டும் அக்காவின் தீர்ப்பு தவறே போனதில்லை என்பதைச் சின்னவளும் ஒப்புக்கொள்வாள்.

கணினி கணக்குப் போட்டு முடித்தபோது ஊர் முழுக்க நீலம். நீலம் என்றால் ஏற்றம், சிவப்பு என்றால் இறக்கம். பஸ் நிலையம் ஏறியிருந்தது, சிறைச்சாலை ஏறியிருந்தது, கல்லறைத் தோட்டமும் ஏறியிருந்தது. உள்ளே இருப்பவர்கள் புரண்டு படுத்தால்கூட அவ்வளவு ஏறாது. சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். ஆனால் பிரிவுத் தலைவருக்குப் படம் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் தொண்டையைச் செருமுகிறவர் என்பதால் அவருக்குக் கனைப்பு என்று பெயர். நல்ல மழை, நிலத்தடி நீர் ஊறியிருக்கிறது, நிலம் பூரித்திருக்கிறது என்று கனைப்பு இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். படத்தைச் சரிபார்க்க வைத்திருந்த ஜிபிஎஸ் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. குளவியைக் கலைக்க எந்தப் பிரிவுக்கு அதிகாரம் என்று கடிதம் போய்க்கொண்டிருந்தது.

நகராட்சித் தலைவர் 'உயரும் நகரம்' என்று மேடை போட்டார். விலைவாசி கூப்பிட்டிருக்கும், ஊரும் கூடவே ஏறிப் போகிறது என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

ஊரே ஏறியபோது ஏறாமலும் இறங்காமலும் பூஜ்யமாக நின்ற கட்டடம் ஒன்றே ஒன்று. அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவி அக்கா. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்றும் பொருள், வணக்கத்துக்குரியது என்றும் பொருள். அக்கா இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். நகராட்சி வெளியிட்ட படத்தை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, லிஃப்டுக்குள் ஒட்டினாள். கீழே, 'நம் கட்டடம் அசையாது' என்று கையால் எழுதினாள்.

இது சின்னவளுக்குத் தெரிந்தது ஒரு விடுமுறை நாள் மதியம், சாப்பிடப் போன இடத்தில். லிஃப்டில் படத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சமையலறையில் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கதை சொன்னாள். நாலாவது மாடிக்காரர் சுவரில் விரிசல் என்று புலம்பியிருக்கிறார். சங்கம் ஒரு பொறியாளரை வரச்சொல்லியிருக்கிறது. படம் வந்த அன்றே அக்கா அந்தப் பொறியாளரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வானத்திலிருந்து பார்த்துச் சொல்லியாயிற்று, இனி ஏணி போட்டுப் பார்க்க இவன் யார் என்று கேட்டிருக்கிறாள்.

அப்போது அக்கா கையிலிருந்து ஒரு வெங்காயம் நழுவியது. விழுந்த இடத்தில் நிற்கவில்லை. ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் சமையலறையைக் கடந்து, கூடத்துக்குள் நுழைந்து, சோபாவைச் சுற்றிக்கொண்டு ஓடியது. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமா, அக்காவின் கணவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே காலை நீட்டி அதை நிறுத்தினார். தினமும் நிறுத்திப் பழகிய கால் அது.

சின்னவள் வெங்காயத்தையும் அந்தக் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். மொட்டைமாடியில் துணி எடுக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிவிட்டு மேலே போனாள். அவளுடைய மூக்குத்திக் கல், தண்ணீர்த் தொட்டிகள், வெயிலில் நின்றன. ஒரு தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது. எதிர்ப்பக்கம் ஒரு சாண் கீழே இருந்தது. தண்ணீர் பொய் சொல்லாது. தொட்டிதான் சாய்ந்திருந்தது.

ஊர் ஏறவில்லை. ஊர் சிவனே என்று இருந்த இடத்தில் இருந்தது. ஆணி இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குகிறவன் தான் நிற்பதாக நினைத்துக்கொண்டு பார்த்தால், நிற்கிறவர்களெல்லாம் ஏறுவதாகத்தானே தெரியும்.

மறுநாள் ஆபீஸில் ஆணியைப் பிடுங்கிக் கல்மலையில் அடித்தாள். மங்கலான மலையோடு மல்லுக்கட்டி ஒருவழியாகக் கணக்கை முடித்தாள். நீலம் முழுவதும் வடிந்துபோயிற்று. நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும் கொப்புளம்போலச் சிவந்து கிடந்தது. பழைய நகரப் படத்தில் அதே இடத்தில் ஒரு குளம் இருந்தது. அதைத் தூர்த்து அதன்மேல்தான் அக்காவைக் குடிவைத்திருந்தார்கள்.

கனைப்பு படத்தை வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கு அவருக்குக் கனைப்புகூட வரவில்லை.

"ஏத்தின ஊரை எப்படிம்மா எறக்குறது?"

அடுத்த அறிக்கையில் யாருக்கும் உறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடலாம் என்றார். அங்கே ஆள் குடியிருக்கிறார்கள் என்று சின்னவள் சொன்னாள். அதையும் அடுத்த அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். சின்னவள் படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு, விடுப்பு எழுதிக் கொடுக்காமலே கிளம்பினாள். வாழ்க்கையில் அவள் செய்த முதல் ஒழுங்கீனம் அது.

அக்காவிடம் சொல்வது நகராட்சியிடம் சொல்வதைவிடக் கடினம். பஸ்ஸில் ஐந்தாறு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாசலுக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. போனை நீட்டினாள். சிவப்பு எது, நீலம் எது என்று திக்கித் திணறி விளக்கினாள். வீட்டைக் காலிபண்ண வேண்டும் என்றாள்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"ஜீரோன்னு கண்டுபிடிச்சது நீதானேடி? லிஃப்டுல ஒட்டியிருக்கு பாரு."

"கண்டுபிடிக்கலக்கா. ஜீரோன்னு வச்சுக்கிட்டேன்."

"வச்சுக்கிட்டியா? எதுக்கு வச்சுக்கிட்ட?"

"எதையாவது வச்சுக்கணும். இல்லன்னா கணக்கு ஓடாது. நான் உன் வீட்ட வச்சுக்கிட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

அக்கா கோபத்தில் பிடித்துக்கொள்ள அது ஒன்றே போதுமானதாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே சின்னவளுக்குக் கணக்கு சுமார்தான் என்றாள். நேற்று ஒன்று, இன்றைக்கு ஒன்று சொல்கிற சாமானை வானத்தில் சுற்றவிட்டவர்களைச் சொல்ல வேண்டும் என்றாள். விரிசல் எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது, ஆளுக்கு ஆள் மூட்டை கட்டுகிறார்களா என்றாள். கடைசியில், தான் சாகிறவரை இந்த வீட்டைவிட்டு அசையப்போவதில்லை என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி கொஞ்சம் தெற்கே நகர்ந்தது.

இதுவரை அக்காவை எதிர்த்துப் பேசாத சின்னவளின் வாய் எதிர்த்துப் பேசத் திறந்தது.

"சாகிறவரைக்கும்னா அது ரொம்ப நாள் இல்லக்கா. அதத்தான் சொல்ல வந்தேன்."

மாமா எழுந்தார். மாமா பேசி அந்த வீட்டுச் சுவர்களே அதிகம் கேட்டதில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்குப் பையை இழுத்து வந்து அக்காவின் காலடியில் கவிழ்த்தார். சுருள் சுருளாக மரச்சீவல் கொட்டியது.

"பாத்ரூம் கதவு," என்றார். "மாட்டிக்கும். நீ கோயிலு கடைன்னு போறப்ப எழைச்சு விடுவேன். மறுபடி மாட்டிக்கும். இனிமே எழைக்கக் கதவு இல்ல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீதான் அசையாதுன்னு எழுதி ஒட்டிட்டியே."

அக்கா ஒரு சுருளை எடுத்து விரலில் சுற்றினாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள். அவள் கோபத்தைப் பார்த்திருக்கிறாள் சின்னவள், அழுகையையும் ஓரிரு முறை பார்த்திருக்கிறாள். இந்த முகம் புதிது. தன்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் எத்தனை நாளாகத் தன் காலுக்கடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிற முகம்.

பிறகு எழுந்தாள். நேரே போய் லிஃப்டில் இருந்த படத்தைக் கிழித்தாள். மேல் மாடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். அசையாது என்று சொன்ன அதே தொண்டையில், இறங்குங்கள் என்றாள். நாலாவது மாடிக்காரர், போன வாரம் நீங்கள்தானே என்று இழுத்தார். போன வாரம் சொன்னபோது நம்பினீர்கள் அல்லவா, இந்த வாரமும் நம்புங்கள் என்றாள் அக்கா. அவர் பால் பாத்திரத்தோடு இறங்கினார்.

துரத்தப்பட்ட பொறியாளரை அக்காவே போன் போட்டு அழைத்தாள். அவர் டார்ச்சோடு வண்டி நிறுத்துகிற கீழ்த்தளத்துக்குள் போனார், நடுத்தூண் ஒன்றைப் பார்த்தார், போன வேகத்தைவிட அதிக வேகமாக வெளியே வந்தார். முதலில் எல்லோரும் தெருவின் அந்தப் பக்கம் போய் நில்லுங்கள், மற்றதை அங்கே வந்து சொல்கிறேன் என்றார்.

கட்டடத்துக்குச் சீல் வைத்தார்கள். கனைப்பு நிருபர்கள் முன்னால் நன்றாகச் செருமிவிட்டு, தங்கள் துறை விண்ணிலிருந்தே ஆபத்தைக் கண்டுபிடித்து உயிர்களைக் காத்ததாகச் சொன்னார். கண்டுபிடித்தது யார், வைத்துக்கொண்டது யார் என்று யாரும் கேட்கவில்லை.

சின்னவளுக்கு இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. அக்காவும் மாமாவும் மூட்டைகளோடு அங்கே வந்து இறங்கினார்கள். அக்கா உட்காரவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தாள். கதவை மூடித் திறந்தாள். சின்னவள் காபி போட்டுக் கொண்டுவந்தபோது, கட்டிய மூட்டை கட்டியபடியே இருந்தது.

"பிரிச்சு அடுக்கிடவாக்கா?"

"இரு. இந்த வீட்ட அந்தச் சாமானுல பாத்தியா?"

சின்னவள் யோசித்தாள். ஊரில் பஸ் நிலையத்தைப் பார்த்திருந்தாள், சிறைச்சாலையைப் பார்த்திருந்தாள், கல்லறைத் தோட்டத்தைக்கூடப் பார்த்திருந்தாள்.

"இன்னும் பாக்கலக்கா."

அக்கா காபியை வாங்கிக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"அப்ப போய்ப் பாத்துட்டு வா. வச்சுக்காத. பாத்துட்டு வா."