கொட்டகையில் எரிந்த அடுப்பு

மாட்டு லாரி மத்தியானப் படகில் வருகிறது. அதற்குள் தோரா தரையில் படுத்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் பண்ணை தங்கும். இல்லாவிட்டால் மாடுகள் லாரியில் ஏறும், இவர்கள் கிர்க்வால் டவுனில் படிக்கட்டு இல்லாத வீட்டுக்குப் போவார்கள். அவள் தொழுவத்தில் விழுந்து எழ முடியாமல் கிடந்த நாளுக்குப் பிறகு, கணவன் எர்லெண்டோடு பேசி முடித்த பேச்சு அது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்து, நரம்பின் சொல் கேட்காத கால்கள் அவளுக்கு. ஸ்காட்லாந்தின் இந்த ஆர்க்னி தீவுகளில் அந்த நோய் என்னவென்று யாரும் கேட்பதில்லை; எல்லோருக்கும் சொந்தத்தில் ஒருவர் இருப்பார். கோடை முழுக்க இந்தக் கொட்டகையில் எடை தூக்கினாள். பிசியோதெரபிஸ்ட் மோரக் சொன்னபடி கொஞ்சம் தூக்கி, நிறைய ஓய்வெடுத்து, உடம்பு சூடேறாமல் பார்த்துக்கொண்டாள். போன வாரம் எழுந்து நின்றும் காட்டினாள்.

இன்று உள்ளே நுழைந்தபோது கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. நோஞ்சான் கன்றுக்கே அடுப்பு மூட்டுகிற மனிதன் எர்லெண்ட். நல்லவன்தான். ஆனால் நல்லவர்கள் செய்கிற கெடுதல் சட்டென்று கண்ணில் படாது. பதற்றத்தில் அவளும் அடுப்பைப் பெரிதாக நினைக்கவில்லை. கால்களைத் தயார்படுத்த வழக்கம்போல் எடை தூக்கிவிட்டுத் தரையில் படுத்தாள். ஒரு முழங்காலை ஊன்றியபோது எதிர்ச்சுவர் மங்கியது. கால் துணியாய்த் துவள, விழுந்தாள்.

"போதும் தோரா. நீயும் எவ்வளவோ பாடுபட்டுட்டே," என்றான் எர்லெண்ட். குரலில் வருத்தத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"அடுப்பை எதுக்குப் பத்த வெச்சே?"

"குளிருதேன்னு..."

"சூடு பட்டா என் காலும் கண்ணும் போயிடும்னு மோரக் உன்னை உக்கார வெச்சுச் சொன்னாளே! தெரிஞ்சேதான் செஞ்சியா?"

துறையில் படகு ஊதியது.

"கதவைத் திற. உடம்பு குளிர்ந்தா கால் திரும்பி வரும்."

"விறைச்சுப் போயிடுவே."

"திறய்யா!"

கடல்காற்று உள்ளே பாய்ந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுச் சிமெண்டுத் தரையில் முதுகு பதியக் கிடந்தாள். சூடு காரணமில்லை என்றால்? நோயே முற்றிவிட்டதென்றால்? அந்தப் பயம் குளிரைவிட மோசமாக இருந்தது. லாரி வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. சுவர் மெல்லத் தெளிந்தது. பலகைகள் தனித்தனியாகத் தெரிந்தன. லாரி முற்றத்தில் வந்து நின்றது.

"எர்லெண்ட்! ஏத்திடலாமா?" டிரைவர் கத்தினான்.

தோரா முழங்காலை ஊன்றினாள். தொடை வெடவெடவென்று ஆடியது. எர்லெண்ட் கை நீட்டினான்.

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன்."

நின்றாள்.

எர்லெண்ட் உடைந்து அழுதான். "அன்னிக்குத் தொழுவத்துல மாட்டுக் காலடியில கெடந்தியே. நான் வரப் பிந்தியிருந்தா என்ன ஆயிருக்கும்? அது என் கண்ணை விட்டே போகல."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆத்திரமும் அடங்கவில்லை.

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா உன்னைக் கட்டிப் பிடிச்சிருப்பேன். நீ என் காலையில்ல வாரிட்டே."

வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தான்.

"போய்ச் சொல்லு," என்றாள். "மாடு போகலன்னு மட்டும் சொல்லாதே. ஏன் போகலன்னும் சொல்லு."

எர்லெண்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தான்.