எட்டு வாய் பார்த்த பல்செட்டு

காலடிப்பேட்டை சகோதர சபைக்குத் தலைவராக வருகிறவர், நிறுவனர் சுப்புராயனின் மேல்வரிசைப் பல்செட்டை வாயில் மாட்டிக்கொண்டுதான் உறுதிமொழி எடுக்க வேண்டும். இது நான் கட்டிய கதை அல்ல. விதிப் புத்தகத்தில் மூன்றாம் பக்கம். துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்த சுப்புராயன் 1958-ல் சாகக் கிடந்தபோது, "என் நாற்காலில குந்தறவன் என் வாயாலதான் பேசணும்" என்று சொல்லி, பல்செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாராம்.

அன்றிலிருந்து அது பீரோவில், ஓர் ஊறுகாய் ஜாடிக்குள், உப்புத் தண்ணீரில் கிடக்கிறது. தண்ணீர் வற்றினால் மேலே ஊற்றலாம், மாற்றக் கூடாது. மாற்றினால் தொடர்ச்சி அறுந்துவிடுமாம். அடியில் பச்சை வண்டல், மேலே ஏடு. ஒருமுறை ஒரு கரப்பான் உள்ளே விழுந்துவிட்டது. மூன்று நாள் கழித்து நான் மூடியைத் திறந்ததும் ஏறி வெளியே வந்தது, நிதானமாக மாடிப்படி இறங்கியது, தெருவில் போய் ஒரு லாரிச் சக்கரத்தின் முன்னால் படுத்துக்கொண்டது. என் கண்ணால் பார்த்தேன்.

ஏழாவதாக அதை மாட்டியவர் பக்தவச்சலம். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் பிரியாணி தின்றாலும் பாயசம் குடித்தாலும் "சுப்புராயன் வாடை அடிக்குது" என்பார். 2002 ஆடியில் அவரும் போனார். சபை வழக்கப்படி நாங்கள்தான் பாடை தூக்கினோம்.

நாற்காலி நாற்பது நாள் காலியாக இருந்தால் செயலாளரே தலைவராக வேண்டும் என்பது ஐந்தாம் பக்கம். செயலாளர் நான். ராஜினாமா செய்யலாமே என்பீர்கள். அதை ஏற்கத் தலைவர் வேண்டும். விதியை மாற்றவும் தலைவர் வேண்டும். சபையை விட்டே ஓடிவிட்டால், பிள்ளைகுட்டி இல்லாத என்னைத் தூக்க நாலு பேர் வேண்டும். ஆகவே நாற்பது நாளுக்குள் வேறொரு வாயைத் தேடினேன்.

விசைப்படகு வைத்திருந்த கருணாகரன் மார்தட்டினான். "மாமு, அழுவிப்போன சுறா வவுத்துல கை வுட்டவன் நானு. எனக்கு இதெல்லாம் ஒரு மேட்டரா?"

ஜாடியைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தான். மூடியை அவனே எடுத்து இறுக்கினான்.

"மாமு, சுறா எவ்ளோ பரவால்ல" என்றான்.

ஆனாலும் தலைவர் பதவி என்ற ஆசை அவனை விடவில்லை. மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மங்கம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே புருஷனிடம் திரும்பினாள்.

"யோவ், அந்தக் கலீஜை வாய்ல வச்சிகினு வூட்டாண்ட வந்தே, செதிலு வார்ற மாதிரி நாக்கை வார்ந்துடுவேன். இன்னா அண்ணே, ஊர்ல உனக்கு வேற வாயே கெடைக்கலியா?"

கருணாகரன் கடலுக்குக் கிளம்பிவிட்டான். அன்று புயல் எச்சரிக்கை. அதற்கு அவன் பயப்படவில்லை.

நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து பேர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார்கள். மின்சார வாரியத்தில் வேலை பார்க்கும் அறிவு, குழம்புக் கரண்டியால் அதை எடுத்து நீட்டினான். சொந்தப் பல் உள்ளவர்கள் அதன் மேலேயே செருகிக்கொள்வது வழக்கம். எனக்கு மேல்வரிசை முழுக்கப் போய்விட்டிருந்தது. அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாக உட்கார்ந்தது. நத்தையைக் கடித்தபடி பேசுகிற மாதிரி இருந்தது. உறுதிமொழி ஒன்பது வரி. ஐந்தாவது வரியில் பல்லிடுக்கிலிருந்து ஏதோ கழன்று நாக்கில் விழுந்தது. துப்பக் கூடாது என்பதும் விதி. விழுங்கினேன். அது என்ன என்று இன்றுவரை நான் யாரையும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே புதுச் செயலாளரான அறிவு ஒரு தாளோடு வந்தான்.

"இந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, பல்செட்டைக் கடல்ல வுட்டுடலாம்னு எழுதினு வந்துகீறேன். வெறும் வாயால உறுதிமொழி எடுத்தா போதும். ஒரு கையெழுத்து போடு நைனா. உனக்கப்புறம் நான்தானே?"

பேனாவை வாங்கினேன். எனக்கு முன்னால் ஏழு பேர் கையிலும் இப்படி ஒரு பேனா இருந்திருக்கும். அறிவு சிரித்தபடி நின்றான். ஈறு சிவப்பாக, நாக்கு சுத்தமாக, சுப்புராயன் இன்னார் என்றே தெரியாத வாய். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தொடர்ச்சி அறுந்துபூடும்டா" என்றேன்.

"தூ, நீயெல்லாம் ஒரு மனுசனா?" தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனான்.

எழுந்து ஜாடியைப் பார்த்தேன். தண்ணீர் இரண்டு விரல் குறைந்திருந்தது. ஒரு டம்ளரில் உப்பைக் கரைத்து ஊற்றி, மூடியை இறுக்கி வைத்தேன்.