விட்டத்தில் தொங்கிய குரல்

மனிதக் குரலின் விலை நானூறு ரூபாய். 1935-இல் கோயமுத்தூரில் அதுதான் நிலவரம். செங்கோட்டையன் பேசிப் பேசி அதை முந்நூற்று இருபதுக்கு இறக்கினார். பஞ்சுத் தரகில் வளர்ந்தவர். சொன்ன விலையை அப்படியே கொடுத்தால் அன்று இரவு அவருக்குச் சோறு இறங்காது.

நீலகிரிப் பைகாராவிலிருந்து மின்சாரம் வந்த தைரியத்தில் தன் பஞ்சுக் கிடங்கைப் பேசும்படக் கொட்டகையாக்கிக்கொண்டிருந்தார். சென்னைக் கம்பெனி, ஸ்பீக்கர்களோடு நரசிம்மலு என்ற மெக்கானிக்கை அனுப்பியது. அவர் காலிக் கிடங்கில் இரண்டு சரக்கையும் பாடவிட்டுக் காட்டினார். ஒன்று ஆள் உயரக் குழாய் ஸ்பீக்கர், அந்த முந்நூற்று இருபது. அதன் பின்னால் ஆட்டுக்கல் கனத்தில் காந்தம். மற்றது மரப்பெட்டி ஸ்பீக்கர் ஜோடி, நானூற்றைம்பது.

செங்கோட்டையன் சாலையோரப் புளியமரம் வரை நடந்துபோய்க் காது கொடுத்தார். குழாய் அங்கேயும் கேட்டது. பெட்டிகள் கேட்கவில்லை.

“குழாயே இருக்கட்டுமுங்க.”

“மொதலாளி, படம் பாக்கறவங்க புளியமரத்துலயா ஒக்காரப் போறாங்க?” என்றார் நரசிம்மலு. “காலி எடத்துல எதுவும் சத்தமாத்தான் கேக்கும். ஜனம் நெறைஞ்சா பாதிச் சத்தத்தை அவங்க துணிமணியே குடிச்சுடும். அப்புறம் குழாயை முழுசாத் திருகணும். கத்தும், அதிரும். பெட்டி ரெண்டையும் திரைக்குப் பின்னால, பேசறவன் வாய் ஒசரத்துல வைங்க. பேச்சு சுத்தமா வரும்.”

திரைக்குப் பின்னால் வேறொரு வியாபாரியின் பஞ்சுப் பொதிகள் மாத வாடகைக்குக் கிடந்தன. படம் பேசுகிறது என்பதற்காக வாடகையை விடமுடியுமா? குழாயைத் திரைக்கு முன்னால், பெண்கள் பக்கத்துப் பனை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். விட்டத்தைத் தட்டிப் பார்க்க நரசிம்மலு ஏணி கேட்டார்.

“எங்கப்பன் காலத்து மரமுங்க. வைரம் பாஞ்சது” என்ற பதில்தான் கிடைத்தது.

முதல் ஆட்டம் பிற்பகலில். கதவைச் சாத்தி இருட்டாக்கினார்கள். ஆண்கள் பக்கம் நிறைந்து வழிந்தது. பெண்கள் பக்கம் தரை முழுக்கக் கூட்டம். பின்னால், கூடுதல் காசுப் பெஞ்சுகள் காலி. செங்கோட்டையனின் அக்கா தெய்வாத்தாள் தன் ஊர்ப் பெண்களை வண்டி கட்டி அழைத்துவந்து, குழாய்க்கு நேர் கீழே பாய் விரித்திருந்தாள்.

திரையில் ராஜா வாயைத் திறந்தார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. “சத்தம்! சத்தம்!” என்று கூச்சல். மிஷின் அறையில் இருந்த நரசிம்மலு குமிழை முழுசாகத் திருகினார்.

அப்போதுதான் செங்கோட்டையன் அதைப் பார்த்தார். மிஷின் வெளிச்சத்தின் ஓரத்தில், விட்டத்திலிருந்து மாவு சலிப்பதுபோல் தூள் இறங்கிக்கொண்டிருந்தது. மத்தளத்தில் ஓர் அடி, ஒரு பிடி தூள். மரம் உளுத்திருந்தது.

மிஷின் அறைக்கு ஓடி, “கொறைங்க!” என்றார். குறைத்ததும் முந்நூறு பேர் தரையைக் காலால் உதைத்தார்கள். தூள் இன்னும் தடித்து விழுந்தது. மறுபடி ஏற்றவேண்டியதாயிற்று. படத்தை நிறுத்தினால் ஆண்கள் பக்கம் முழுதும் எழுந்து மிதிக்கும். ‘விழுகுது’ என்று கத்தினாலோ, இருப்பது பெஞ்சுகளுக்குப் பின்னால் ஒரே வாசல், பெண்கள் மடியில் குழந்தைகள்.

குனிந்தபடியே அக்காவிடம் போனார். குழாயின் வாய் இப்போது அவர் தலைக்கும் மேலே இருந்தது.

“அக்கா, எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் பின்னால பெஞ்சுக்கு வந்துருங்க. காசு வேண்டாமுங்க.”

“காசு வேண்டாமா?” தெய்வாத்தாள் திரும்பினாள். “பெத்த ஆத்தாகிட்டயே எளநிக்குக் காசு கேட்டவன்டா நீ. பெஞ்சுல என்ன, மூட்டைப்பூச்சியா?”

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தியும் அசையவில்லை. நொண்டி மாட்டைத்தான் சும்மா ஓட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள் என்பது இந்தச் சீமையில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். தன் தப்பு செங்கோட்டையனுக்கு உறைத்தது.

“சும்மா இல்லீங்க்கா. தலைக்கு அரையணா சேத்திக் குடுத்தா பெஞ்சு. ரெண்டணா பெறுமுங்க.”

அக்காவின் முகம் தெளிந்தது. “அரையணாவா? கொள்ளையா இருக்குது. காலணா.”

சரி என்று சொல்ல அவர் நெஞ்சு துடித்தது. முதல் சொல்லுக்கே இறங்கினால் மறுபடி சந்தேகப்படுவாள். மேலே கயிறு முனகியது. பேரம் முடியுமுன் விட்டம் முடிந்துவிடுமோ?

“காலணாவுக்குப் பெஞ்சோட காலு கூட வராதுங்க்கா.”

“காலணாத்தான். கொழந்தைகளுக்குக் காசு கெடையாது.”

“கொழந்தையும் ஒக்காந்துதானுங்க பாக்குது?”

“மடியில ஒக்காரும்.”

ஒரு சிராய் அவள் கொண்டையில் விழுந்தது. பூச்சி என்று தட்டிவிட்டாள்.

“செரி, போச்சாது. காலணாவே குடுங்க, அக்காங்கறதுக்காக.”

மலிவு என்றதும் பெண்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு பெஞ்சுக்குப் பாய்ந்தார்கள். தெய்வாத்தாள் மட்டும் எழவில்லை. சுருக்குப்பையிலிருந்து ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து நீட்டினாள்.

“முப்பத்தாறு தலை, ஒம்பதணா. மிச்சம் ஏழணா எடு.”

“அப்பறம் தாரேனுங்க்கா. எந்திரிங்க.”

“அப்பறம்னு உன்றகிட்டப் போன காசு எது திரும்பியிருக்குது? எடுடா.”

ரூபாயை வாங்கிக்கொண்டு மடியை அவிழ்த்தார். அவசரத்தில் சில்லறை முழுதும் இருட்டில் பாய்மேல் சிதறியது. அவள் தேடக் குனிந்தாள். மேலே மரம் பிளக்கும் சத்தம். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துத் தரையோடு இழுத்தார்.

“அடப்பாவி, ஏழணாவுக்காடா என்ற கையை ஒடிக்கற!”

ராஜாவின் வசனம் பாதிச் சொல்லில் அறுந்தது. குழாய் இறங்கியது. தரை குலுங்கியது. புழுதிக்கு அப்பால் ராஜா சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார். நரசிம்மலு விளக்கைப் போட்டு வாசலைத் திறந்துவிட்டார். பெண்கள் ஏற்கெனவே வாசலருகே இருந்ததால் நெரிசலில்லாமல் கூட்டம் கலைந்தது.

பாயைக் கிழித்துத் தரையில் பதிந்திருந்தது குழாயின் விளிம்பு. அதைப் பார்த்தபடி தெய்வாத்தாள் நின்றாள். தம்பியின் கையை விடவில்லை.

“இது உனக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியுமுங்க்கா.”

“தெரிஞ்சுபோட்டும் எங்ககிட்டக் காசு வாங்குன?”

“வாங்காட்டி எந்திரிச்சிருப்பீங்களாங்க்கா?”

தம்பியின் கையை விட்டுவிட்டுச் சுளுக்கிய மணிக்கட்டைத் தேய்த்தாள்.

மறுநாளே பஞ்சுப் பொதிகள் வெளியேறின. பெட்டி ஜோடி திரைக்குப் பின்னால், வாய் உயரத்தில் ஏறியது. நரசிம்மலு விலை சொன்னபோது செங்கோட்டையன் வாயே திறக்கவில்லை.

ஆக, குழாயில் நட்டம் முந்நூற்று இருபது. பெட்டிகளுக்கு நானூற்றைம்பது. பொதி வாடகை மாதம் பன்னிரண்டு போச்சு. பெஞ்சு வரவு ஒன்பதணா. அக்காவுக்குத் தரவேண்டியது ஏழணா. கைச் சுளுக்குக்கு ஓரணா சேர்த்து எட்டணா என்கிறாள் அவள். ஏழரைக்கு மேல் இவர் ஏறவில்லை. பாக்கி நிற்கிறது.