நடுவிலிருந்து தள்ளி

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உலகின் மறுபக்கத்தில், தொலைநோக்கி இருக்கும் மலையில் அப்போது இரவு. இங்கே சன்னல் வெயில் மேசைவரை வந்து கிடந்தது. சுவரோரம், நினைவுக் கூட்டத்துக்காக ஆள் உயரத்துக்கு அச்சடித்த படம் சுருட்டியபடி நின்றது. அதைப் பார்க்காமல் இருக்க அவள் அறையைக் குறுக்கே அளந்துகொண்டிருந்தாள்.

கனமான நட்சத்திரங்கள் சாவதற்கு முன் மேல்தோலை ஊதித் தள்ளும். அந்தத் தூசு ஓடு கண்ணுக்குத் தெரியாது. அகச்சிவப்புப் படத்தில்தான் அதன் வெதுவெதுப்பு வளையமாகத் துலங்கும். வானத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்துக் குவித்திருந்த ஒரு கணக்கெடுப்பில் அப்படியொரு வளையத்தை முதலில் பார்த்தவர் அவள் கணவர். சுவரோரம் சுருட்டி நின்றது அந்த வளையத்தின் படம்தான். படங்களைச் சுத்தம் செய்து கொடுத்தவள் அவள்.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. நட்சத்திரத்தின் ஒளி கேமராவின் உள்கண்ணாடிகளில் பட்டுத் திரும்பினாலும் வளையம் விழும். இந்தத் தொழிலில் அதற்குப் பேய் என்று பெயர். நட்சத்திரத்தைப் படத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நிஜ ஓடு நட்சத்திரத்தோடு போகும். பேய் அதைக் கைவிட்டு விலகும். அந்தச் சோதனைக்குத் தொலைநோக்கியில் நேரம் கேட்டவரும் அவர்தான். நேரம் கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை.

"உக்காருங்க அண்ணி. நீங்க நடக்குற நடைக்கு அந்த மலைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்," என்றாள் நாத்தனார்.

கணினிமுன் இருந்த தாடிக்காரன், அவள் கணவரோடு வேலை பார்த்த கூட்டாளி, திரும்பிப் பார்த்தான். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. மலையில மேகம், படம் எடுக்க முடியலன்னு எழுதிட்டு விட்டுடலாம். கட்டுரை அவர் பேர்ல போகட்டும். யாரு தோண்டப்போறா?"

"அவரு தோண்டியிருப்பாரு, தம்பி," என்றாள் அவள்.

"அண்ணன் பேர் சொல்ல மிச்சமிருக்கிறது அது ஒண்ணுதான்," என்றாள் நாத்தனார். "அதையும் நீங்களே அழிக்கணுமா?"

அவள் மேசைப் பக்கம் போனாள். தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள், குடிக்காமல் வைத்தாள். சன்னலைச் சாத்தினாள், திறந்தாள்.

"சன்னல் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் தாடி.

"நீங்க தாடியைக் கோதுறதை விட்டுட்டு வேலையைப் பாருங்க," என்று நாத்தனார் அவன்மேல் பாய்ந்தாள்.

படம் வந்தது. ஓரத்தில் நட்சத்திரம் மொட்டையாக நின்றது. எதிர்ப்பக்கத்தில், எதையும் சுற்றாமல், வளையம் அநாதையாகக் கிடந்தது.

"அப்ப... ஓடு இல்லையா?" என்றாள் நாத்தனார்.

"இல்ல."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாடி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "இன்னும் கொஞ்ச நேரம் நம்ம கையில இருக்கு அண்ணி. வேற ஏதாவது எடுக்கவா?"

"திரும்ப நடுவுல வைங்க."

"தெரிஞ்சுபோச்சே. எதுக்கு?"

"சரிபார்க்கணும்ல."

சரிபார்ப்பது முறைதான். ஆனால் அவள் குரல் வேறு எதையோ கேட்டது. தாடி எண்களைத் தட்டினான்.

வளையம் திரும்பி வந்தது. நட்சத்திரத்தைச் சுற்றி, பிசிறில்லாமல், அன்றைக்கு அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து அவளைக் கூப்பிட்டபோது இருந்த அதே அழகோடு நின்றது. நாத்தனாரும் கிட்டே வந்தாள்.

"அண்ணன் பார்த்தது இதத்தானா?"

"இதேதான்."

தாடி அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவளே சொன்னாள். "திரையிலிருந்து எடுத்துடுங்க தம்பி. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டு, இது பேய்னு எழுதி அவரு பேர்லயே அனுப்புங்க. சோதனை அவரு கேட்டதுதானே."

"பேய்க்கு எங்க அண்ணன் பேரா?" நாத்தனாருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "கூட்டத்துல என்னத்த மாட்டுறது?"

"ரெண்டையும்தான்."

தாடி தலையசைத்தான். அவள் அச்சகத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு படம் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வதென்று அவள் இன்னும் யோசித்திருக்கவில்லை.