வாசலை விட்டு நகராதவர்

இப்போதெல்லாம் எவனும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கோட்டைக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். கையை நீட்டித் தன் மூஞ்சியையே படம் பிடித்துக்கொள்கிறான். பின்னால் மலை மாதிரி மதில் நிற்கிறது, இவன் பல்லைக் காட்டுகிறான்.

"இதுக்கு வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னிருக்கலாம். பஸ் காசாவது மிச்சம்," என்றார் கேட்டுக்காரர். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கேட்கட்டும் என்றேதான் சொன்னார்.

"வந்த இடத்துல வாயை மூடிக்கிட்டு வாங்க," என்றாள் மனைவி.

கேட்டுக்காரர் என்பது ஆலையில் வைத்த பேர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை நூல் ஆலையின் வாசலில் காவல் நின்றவர். வெளியே போகிறவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பார். குடையை விரித்துப் பார்ப்பார். மானேஜர் செருப்பை ஒருமுறை கழற்றச் சொல்லி, வேலை போகிற நிலைக்கு வந்தும் அசரவில்லை. இந்த ஊர்சுற்றலும் அவர் கேட்டதில்லை. மகள்தான் கட்டாயப்படுத்தி இரண்டு டிக்கெட் போட்டு, "அப்பா, அம்மாவுக்கு ஒரு நாளாவது வெளியுலகத்தைக் காட்டுங்க" என்று அனுப்பிவைத்தாள். காலையில் கடிகாரக் கோபுரம், பிறகு பழைய கடைத்தெரு, அதன் பிறகு இந்தக் கோட்டையும் உள்ளே ராஜா இருந்த அரண்மனையும்.

உள்ளே போவதற்கு முன்னால் மனைவியின் கைப்பையைக் கேட்டார்.

"எதுக்கு?"

"கூட்டத்தைப் பார்த்தியா? பாதிப் பேரு மூஞ்சியே சரியில்ல. குடு."

பையைப் பிரித்து எல்லாவற்றையும் தன் இடுப்புப் பைக்குள் திணித்துக்கொண்டார். போன், சில்லறை, தங்கியிருக்கிற விடுதியின் அட்டை, மாத்திரை, சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள அவள் வைத்திருந்த மிட்டாய்ப் பொட்டலம், எல்லாமே. வெறும் பையைச் சுருட்டி அதையும் உள்ளே வைத்தார்.

"இப்ப வீசின கையோட நட. ஒருத்தன் ஒண்ணும் புடுங்க முடியாது."

"என்னையே தூக்கிட்டுப் போனா?"

"தூக்கினவன் பத்து நிமிஷத்துல திருப்பிக் கொண்டாந்து விட்டுடுவான்," என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

அரண்மனை என்றால் கூடம் கூடமாக விரிந்து கிடக்கும் என்று நினைத்திருந்தார். இது எலி வளை. ஓர் ஆள் போகிற அளவு நடை, குனிந்து நுழைகிற வாசற்படி, இருட்டில் திரும்புகிற படிக்கட்டு. முன்னால், பஸ்ஸில் கூட வந்த வழிகாட்டிப் பெண் கையில் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். ஒரு திருப்பத்தில் பெரிய மரக்கதவு. அதன் தாழ்ப்பாள் அவர் தொடை கனம் இருந்தது. கேட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. அதைத் தூக்கிப் பார்த்தார். அசைத்துப் பார்த்தார். அந்தக் காலத்து ஆள் ஏமாந்தவன் இல்லை என்று மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டார்.

திரும்பினால் மனைவி இல்லை.

"ஏய், இந்தா!"

யாரோ ஒரு பெண் திரும்பினாள். அவள் இல்லை. முன்னால் இரண்டு வழி பிரிந்தது. இரண்டிலும் முதுகுகள். மஞ்சள் கொடியைக் காணோம். மனைவி போர்த்தியிருந்த நீலச் சால்வையைக் காணோம். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. போனை எடுத்து அவள் நம்பரை அழுத்தினார். மணி அடித்தது. எங்கோ பக்கத்தில்தான் அடித்தது. "அப்பாடா" என்று சுற்றிலும் பார்த்தார். வயிற்றில் ஏதோ அதிர்ந்தது.

அவருடைய இடுப்புப் பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது அவள் போன்.

அப்போதுதான் உறைத்தது. காசில்லை, போனில்லை, எங்கே தங்கியிருக்கிறோம் என்ற அட்டையில்லை. சர்க்கரை இறங்கினால் அவளுக்கு உதடு வெளுக்கும், பேச்சு குழறும், அப்படியே சரிந்துவிடுவாள். மிட்டாய் இவர் இடுப்பில். ஒரு திருடன் கூட இவ்வளவு சுத்தமாக அவளைத் துடைத்திருக்க மாட்டான்.

தேடிப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தார். எந்த வழியில் போவது? ஆனால் கேட்டுக்காரருக்கு ஒன்று தெரியும். உள்ளே போனவர் எந்த மூலையில் ஒளிந்தாலும் வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆலையில் எத்தனையோ பேரை அப்படிப் பிடித்திருக்கிறார். தேடக் கூடாது. வாசலில் நிற்க வேண்டும்.

வந்த வழியே திரும்பினார். எதிரே வந்தவர்கள் மேல் இடித்தார், திட்டு வாங்கினார். படியில் நின்ற காவலாள், "பெரியவரே, இந்தப் பக்கம் வரக் கூடாது" என்று கையை நீட்டினான். அவன் கைக்குக் கீழே குனிந்து வந்துவிட்டார்.

கோட்டை வாசலில் தூணோரமாக நின்றுகொண்டார். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வெளியே ஒருத்தர் கூட வரவில்லை.

இத்தனை பேர் போகிறார்களே, எங்கே போகிறார்கள்?

ஆலையில் ஒரு தரம் பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்தது. சங்கு ஊதியது. கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கிடங்குப் பக்கத்து ஆட்கள் வரவே இல்லை. காலியான வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் யாரிடமும் பேசியதில்லை. இப்போதும் வர வேண்டியவள் வரவில்லை. மகளுக்கு என்ன பதில் சொல்வது? 'அம்மா எங்கப்பா?' என்று கேட்டால்?

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. "ஒரு பெரியவரைக் காணவில்லை. கட்டம் போட்ட சட்டை, நரைத்த மீசை. அவர் எங்கிருந்தாலும் வெளியேறும் வாசலுக்கு வரவும். அவருடைய மனைவி காத்திருக்கிறார்."

"பாவி, பொண்டாட்டியை அலைய விட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சானோ," என்று முணுமுணுத்தார் கேட்டுக்காரர். கண்ணை வாசலை விட்டு எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே குரல். "கட்டம் போட்ட சட்டை அணிந்த பெரியவர் உடனே வரவும். அவருடைய மனைவிக்குத் தலைசுற்றல்."

தலைசுற்றல் என்றதும் குனிந்து சட்டையைப் பார்த்தார். கட்டம்தான். ஆனால் காணாமல் போனது அவர் இல்லையே?

மஞ்சள் கொடியோடு வழிகாட்டிப் பெண் மதிலைச் சுற்றி ஓடி வந்தாள். "ஐயா! இங்கயா நிக்கிறீங்க? உங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க!"

"நான் எங்கம்மா காணாம போனேன்? வாசல்லதானே நிக்கிறேன்!"

"இது உள்ள வர்ற வாசல் ஐயா. வெளிய போறது அந்தப் பக்கம். காலையிலயே சொன்னேனே."

"நீ ஆயிரம் சொன்ன. எந்த மடையன் வீட்டுக்கு ரெண்டு வாசல் வெப்பான்? நீ கண்ணால பார்த்தியா அவளை?"

"பார்க்கல. மைக்குல கேட்டதும் உங்களைத் தேடி ஓடி வந்தேன்."

"பார்த்தாத்தானே சொல்ல முடியும்! ஊருல எத்தனை கட்டம் போட்ட சட்டை! நான் அங்க போய், அவ இங்க வந்துட்டா? கையில ஒண்ணுமில்லாம வருவா. யாரையும் தெரியாத ஊருல எங்க போவா?" இடுப்புப் பையைத் தட்டிக் காட்டினார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் நின்ற இடத்தில் வந்து நின்றாள். "சரி. நான் நிக்கிறேன். நீலச் சால்வை, எனக்குத் தெரியும். வந்தா கையைப் புடிச்சு உக்கார வெச்சுக்கறேன். நீங்க மதிலை விடாம ஒட்டிக்கிட்டே நடங்க."

"நகர மாட்டியே?"

"மாட்டேன் ஐயா. போங்க!"

மாற்று ஆள் வராமல் வாசலை விட்டதில்லை அவர். இதுவா மாற்று ஆள்? காற்றடித்தால் பறந்துவிடும் போல இருந்தாள். ஆனாலும் போனார்.

மதிலோரச் சந்து ஒடுக்கமாகப் போனது. வெயில் படாத கல் ஈரமாக இருந்தது. ஒரு கையால் மதிலைத் தடவிக்கொண்டு, மறு கையால் இடுப்புப் பையை அழுத்திக்கொண்டு நடந்தார். நடந்தவர் ஓடினார். திரும்பிப் பார்த்தார், வாசல் மறைந்துவிட்டது. முன்னால் பார்த்தார், மதில் முடியவில்லை. ஏமாற்றி அனுப்பிவிட்டாளோ? பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போகத்தான் இந்த வேலையோ? இங்கே ஒருத்தன் கழுத்தை நெரித்தால் கேட்க நாதியில்லை. அதைவிட, அவள் எங்கேயோ ஓர் இருட்டுப் படியில் கிடந்தால்?

மதில் திரும்பியது. வெளிச்சம். திறந்த வாசல் வழியாகக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் காவலர் அறை. அதன் படியில் நீலச் சால்வை.

அவள் உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. காவல்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பழச்சாறு டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்காரர் பையைத் திறந்தார். அவசரத்தில் எல்லாம் தரையில் கொட்டியது. மிட்டாயைப் பொறுக்கி அவள் வாயருகே கொண்டுபோனார்.

"இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" என்றாள் குழறலாக. "இந்தப் பொண்ணு இல்லேன்னா போய்ச் சேர்ந்திருப்பேன். உங்க நம்பரைக் கேட்டா. அது என் போன்லதான் இருக்கு, போன் அவர் வயித்துல இருக்குன்னேன்."

"கொடிக்காரப் பொண்ணு ஓடி வந்து சொல்லி, நீ வந்தா புடிச்சு வெக்க அந்த வாசல்ல நின்னுக்கிட்டு என்னை அனுப்பினா," என்றார். காலி டப்பாவை எடுத்துத் திருப்பி, காலாவதித் தேதி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தார்.

"ஐயோ, நல்லதுதான் தாத்தா," என்றாள் காவல்காரப் பெண்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

மனைவி கொட்டிக் கிடந்ததில் தன் போனை எடுத்துச் சால்வைக்குள் செருகிக்கொண்டாள். அதை அவர் தடுக்கவில்லை. உதட்டில் நிறம் திரும்புகிற வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்ன பின்ன தெரியாத பொண்ணு உசிரைப் புடிச்சு வெச்சா. அந்தக் கொடிக்காரப் பொண்ணு உங்களுக்காக ஓடி வந்தா," என்றாள் அவள். "இன்னுமா எல்லாரும் திருடங்க?"

"அவ வாசல்ல நிக்கறேன்னா. நிக்கிறாளான்னு யாரு கண்டா?"

"நான்தான் இங்க இருக்கேனே! அவ இனி எதுக்கு நிக்கணும்?"

"அது அவளுக்குத் தெரியாதுல்ல."

எழுந்தார். அவள் கையை மணிக்கட்டோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பஸ் அந்தப் பக்கம்!"

"பஸ் நிக்கும். நீ வா."

வெளியே வருகிற கூட்டத்தைப் பிளந்துகொண்டு, அவளை மெல்ல நடத்தி, மதிலை ஒட்டி வந்த சந்துக்குள் திரும்பினார். "நிக்க மாட்டா பாரு," என்று சொல்லிக்கொண்டே போனார்.