கை மடியில் இருக்கட்டும்

"கொடுங்க ஆன்டி, நான் செஞ்சு தரேன்."

இந்தப் பேச்சைக் கேட்டாலே புஷ்பவல்லிக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்லி முடிப்பதற்குள் போன் கையை விட்டுப் போயிருக்கும். பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் சனிக்கிழமை காலையில் வயதானவர்களுக்குப் போன் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கிள்ளானிலிருந்து ரயிலேறி வருகிறவர் அவர். சொல்லிக்கொடுக்கும் முகுந்தன் ஒரு பேங்க் அதிகாரி, நாற்பது வயது, தங்கமான மனுஷன். ஆனால் கை மட்டும் சும்மா இருக்காது. யார் என்ன கேட்டாலும் போனை வாங்குவார், கட்டைவிரலால் நாலு தட்டுத் தட்டுவார், "செட்டல்!" என்று திருப்பிக் கொடுப்பார். கேட்டவரும் பெரிதாகத் தலையாட்டுவார். அடுத்த வாரம் வந்து அதையே மறுபடி கேட்பார். இதற்குப் பெயர் வகுப்பாம். முடிவில் சான்றிதழ் வேறு கொடுக்கிறார்களாம்.

புஷ்பவல்லியும் சொல்லிக்கொடுத்தவர்தான். இருபத்தொன்பது வருஷம் கிள்ளானில் கார் ஓட்டப் பழக்கியவர். சாக்கடை ஓரம் வரைக்கும் காரைக் கொண்டுபோன மகராசர்கள் எத்தனையோ பேர். அவர் கால் தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் தயாராக இருக்கும், கை மட்டும் மடியை விட்டு எழும்பாது. டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பழக வந்தவர் எந்தக் காலத்தில் பழகுவது?

அப்பேர்ப்பட்டவர் கார் சாவியைத் தொட்டு எட்டு மாதம் ஆகிறது. வலது கண்ணில் புரை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால் அதைப் போனில் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சாலாக் செலாத்தானில் இருக்கும் மகன் குரு, "உங்களுக்கு ஏம்மா இந்தத் தலைவலி?" என்று ஆஸ்பத்திரி ஆப்பைத் தன் நம்பரிலேயே போட்டுக்கொண்டான். மார்ச்சில் ஒரு தேதி அவன் போனுக்கு வந்தது, பார்ப்பார் இல்லாமல் போயும் போனது. கேட்டதற்கு "பிஸி லா அம்மா" என்றான். கண் இவருடையது, பிஸி அவனுக்கு!

மூன்றாவது சனிக்கிழமை நேராக முகுந்தன் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"இந்த ஆப்ப என் நம்பருக்கு மாத்தணும்."

"ஈஸி ஆன்டி. கொடுங்க..."

புஷ்பவல்லி போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "கையை மடியில வைங்க."

"என்ன ஆன்டி?"

"ரெண்டு கையும். வாயால சொல்லுங்க, நான் செய்றேன். தப்பா போனா போவட்டும்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. முகுந்தன் அசட்டுச் சிரிப்போடு கைகளை மடியில் வைத்தார்.

"மேல மூணு கோடு இருக்கும், அதைத் தட்டுங்க."

தட்டினார். அடையாள அட்டையின் ஐசி நம்பர் கேட்டது. ஒரு எண் தப்பாகிவிட்டது. முகுந்தனின் வலது கை தானாகக் கிளம்பியது.

"மடியில!"

கை இறங்கியது. ஐசி நம்பரை முதலிலிருந்து அடித்தார். முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது போன். சிமிட்டினார், ஏற்கவில்லை. புரை விழுந்த கண்ணை வைத்துக்கொண்டு எத்தனை தடவைதான் சிமிட்டுவது என்று அதையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடி சிமிட்டினார். டிங் என்று ஆறு இலக்க ரகசிய நம்பர் வந்து விழுந்தது. இத்தனை நாள் மகனுக்குப் போய்க்கொண்டிருந்த நம்பர் இன்றுதான் அவருக்கே வந்தது. அதையும் அவரே அடித்தார்.

ஆப் திறந்தது. உள்ளே ஒரு கடிதம் படிக்காமல் கிடந்தது. ஆபரேஷன் தேதி பதினெட்டு. ஒப்புக்கொள்ளக் கடைசி நேரம், இன்று பகல் பன்னிரண்டு மணி. கடிதம் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. மண்டபக் கடிகாரத்தில் மணி பதினொன்று நாற்பது.

ஆறு நாள்! இந்த ரயிலைத் தவறவிட்டிருந்தால் இந்தத் தேதியும் போயிருக்கும். கோபத்தோடேயே பச்சைப் பட்டனை அழுத்தினார். உங்கள் இடம் உறுதி என்று வந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டார்.

உடனே போன் அடித்தது. குரு.

"அம்மா! யாருக்காச்சும் நம்பர் கொடுத்தீங்களா? எவனோ உங்க ஆப்புக்குள்ள புகுந்து நம்பரையே மாத்திட்டான்! இப்பதான் மெசேஜ் வந்துச்சு. ஸ்கேமர் லா! எதையும் தொடாதீங்க, நான் போலீசுக்குப் போறேன்!"

ஆறு நாளாக அவன் கண்ணில் படாமல் கிடந்தது ஆஸ்பத்திரிக் கடிதம். இந்த மெசேஜ் மட்டும் இரண்டே நிமிஷத்தில் பட்டுவிட்டது.

"புகுந்தது நான்தான்டா," என்றார் புஷ்பவல்லி.

"நீங்களா? சும்மா சொல்லாதீங்கம்மா. யாரு செஞ்சு கொடுத்தா?"

புஷ்பவல்லி முகுந்தனைப் பார்த்தார். அவர் கைகள் இன்னும் மடியில்தான் இருந்தன.

"யாரும் செஞ்சு கொடுக்கல. பதினெட்டாம் தேதி எனக்கு ஆபரேஷன். பிஸி இல்லன்னா வா."